மருந்து அடித்தும் பப்பாளியில் வைரஸ் பரவுவது ஏன்? பரவாத வைரஸை வைத்தே அதைத் தடுக்க முடியுமா?

கேள்வி: ஐயா, உடுமலைப் பக்கம் இரண்டு ஏக்கரில் பப்பாளி வைத்திருக்கிறேன். நட்டு ஆறு மாதம் ஆகிறது. வாரம் தவறாமல் அசுவினிக்கு மருந்து அடிக்கிறோம், மரத்தில் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை. இருந்தும் வரப்போரத்தில் தொடங்கிய வைரஸ் நோய் இப்போது பாதித் தோட்டத்துக்கு வந்துவிட்டது. கொழுந்து இலையில் தேமல், இலைக்காம்பிலும் தண்டின் மேல்பாகத்திலும் எண்ணெய் பட்டது போன்ற கரும்பச்சைக் கோடுகள், காயின் மேல் வளையங்கள் தெரிகின்றன. பூச்சியே இல்லாமல் எப்படிப் பரவுகிறது? இன்னொரு கேள்வியும் உண்டு. வேளாண்மைக் கல்லூரியில் படிக்கும் என் மகள், சில வைரஸ் ஸ்ட்ரெயின்களை, அதாவது ஒரே வைரஸின் சில உள்வகைகளை, அசுவினியால் பரப்பவே முடியாது என்று பாடத்தில் வருகிறது என்கிறாள். அப்படிப்பட்ட ஒன்றை நாற்றிலேயே ஏற்றிவிட்டால் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி மாதிரி வேலை செய்யாதா? கடைசியாக, நோய் வந்த மரத்தின் பழத்தைச் சாப்பிடலாமா?

பதில்:

வணக்கம் ஐயா. மரத்தில் பூச்சியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது உண்மைதான், நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். இந்த நோயின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது பப்பாளி வளையப்புள்ளி வைரஸ். இதைப் பரப்புவது அசுவினிதான், ஆனால் அந்த அசுவினி உங்கள் பப்பாளியில் குடியிருப்பதில்லை. பருத்தி, வெண்டை, கத்தரியில் இருக்கும் பஞ்சு அசுவினி, அவரைக் கொத்திலும் தட்டைப்பயறிலும் எறும்போடு சேர்ந்து மொய்த்துக் கிடக்குமே அந்தக் கருப்பு அசுவினி, மிளகாயில் வரும் பச்சை அசுவினி, இவைதான் ஆட்கள். செடியில் கூட்டம் அதிகமாகிவிட்டாலோ செடி முற்றிப்போனாலோ இறக்கை உள்ள அசுவினிகள் பிறக்கும். அவை காற்று அடிக்கிற திசையில் கிளம்பும். பச்சையாக, மஞ்சளாக எது தெரிந்தாலும் இறங்கும். இறங்கிய இடம் தன் செடியா இல்லையா என்று கண்ணால் பார்த்து அதற்குத் தெரியாது, ஊசியை இறக்கிச் சுவை பார்த்தால்தான் தெரியும். பப்பாளி இலையில் சில நொடி குத்திப் பார்த்துவிட்டு, இது நமக்கானது இல்லை என்று அடுத்த மரத்துக்குப் போகும், அங்கேயும் குத்தும், அப்புறம் அடுத்தது. நீங்கள் காலையில் இலையைத் திருப்பிப் பார்க்கும்போது அங்கே எதுவும் இருக்காது.

அந்தச் சில நொடி போதும். அசுவினியின் வாய் முடியைவிட மெல்லிய ஊசி. அதற்குள் இரண்டு குழாய்கள் உண்டு, ஒன்று சாறு உறிஞ்ச, இன்னொன்று எச்சிலை உள்ளே விட. நுனியில் இரண்டும் சேர்ந்து ஒரே வழியாகிவிடும். இந்த வைரஸ் ஒட்டிக்கொள்வது அந்த ஊசிக்குள்தான். வயிற்றுக்குள் போய் இனப்பெருக்கம் செய்து பிறகு வெளியே வருகிற வேலையெல்லாம் இதற்குக் கிடையாது. நோயுள்ள மரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகக் குத்தினால் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த மரத்தில் அதே அளவு நேரம் குத்தினால் எச்சிலோடு கழன்று உள்ளே போய்விடுகிறது. இரண்டு மூன்று முறை குத்தியபின் ஊசி சுத்தமாகிவிடும், அந்த அசுவினியால் அதற்கப்புறம் ஆபத்து இல்லை. கடைசியாகச் சொன்ன இந்த விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள், தடுப்பு வழி சொல்லும்போது இதற்குத் திரும்ப வருவேன்.

இப்போது வாராவாரம் அடிக்கும் மருந்தை யோசித்துப் பாருங்கள். எவ்வளவு வீரியமான மருந்தாக இருந்தாலும் அசுவினி சாக நேரம் பிடிக்கும். சில மருந்துகள் உடனே கொல்லாமல் அதை நிலைகொள்ளாமல் அலையவைத்து, நாலு மரத்தில் குத்துவதை எட்டு மரத்தில் குத்தவைத்துவிடும். அதுமட்டுமில்லை, வரப்பில் இருக்கும் அவரையில் அசுவினியைத் தின்று தீர்க்கும் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் உங்கள் தெளிப்பில் செத்துப்போகும். அசுவினி மறுபடி பெருகும், இறக்கை முளைத்தவை மறுபடி உங்கள் தோட்டத்துக்குத்தான் வரும். ஆகவே முதலில் அந்த வாராந்திரத் தெளிப்பை நிறுத்துங்கள். கடையில் இதைவிட வேகமான மருந்து இருக்கிறது என்று சொன்னாலும் வாங்காதீர்கள். இந்த வைரஸை மருந்தால் முந்த முடியாது.

எல்லா வைரஸும் இப்படி இல்லை, அதனால்தான் குழப்பம் வருகிறது. வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சளாகிற நோய் இருக்கிறதே, அதைப் பரப்புவது வெள்ளை ஈ. அந்த வைரஸ் ஈயின் குடலுக்குள் போய், குடல் சுவரைத் தாண்டி, அதன் ரத்தத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்ந்தபின்தான் அடுத்த செடிக்குப் போகும். அதற்குப் பல மணி நேரம் ஆகும், ஈயும் செடியில் உட்கார்ந்து நிதானமாகச் சாறு குடித்தாக வேண்டும். அங்கே பூச்சியைக் கட்டுப்படுத்தினால் ஓரளவு பலன் கிடைக்கும். பப்பாளியிலேயே வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை நோய் ஒன்று உண்டு. இலை கவிழ்ந்து கிண்ணமாகச் சுருண்டு நரம்பு தடித்திருந்தால் அது வேறு கதை. உங்கள் மரத்தில் அது இல்லை. கொழுந்து இலையில் தேமல், இலைக்காம்பிலும் தண்டின் மேல்பாகத்திலும் எண்ணெய் பட்டது போன்ற கரும்பச்சைக் கோடுகள், காயின் மேல் வளையங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வளையப்புள்ளியேதான்.

சரி, உங்கள் மகள் சொன்னதற்கு வருகிறேன். அவள் சொன்னது சரி. நல்ல கேள்வியைக் கேட்கவும் வைத்திருக்கிறாள்.

இந்த வைரஸ் ஒரு நீண்ட இழை. உள்ளே அதன் மரபுச் செய்தியைத் தாங்கும், ஏறத்தாழ பத்தாயிரம் எழுத்துள்ள ஆர்.என்.ஏ., அதைச் சுற்றி ஒரே மாதிரியான இரண்டாயிரம் புரதத் துண்டுகள் அடுக்கிய மேலுறை. இந்த இழை தானாக அசுவினியின் ஊசியில் ஒட்டுவதில்லை. இதைக் கண்டுபிடித்த சோதனையை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் பதில் முழுக்க அதில் இருக்கிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் கோவியர், கஸானிஸ் என்ற இருவர் உருளைக்கிழங்கு ஒய் வைரஸில் வேலை செய்தார்கள், அதுவும் உங்கள் பப்பாளி வைரஸின் குடும்பம்தான். வைரஸைச் செடியிலிருந்து பிரித்து நன்றாகச் சுத்தப்படுத்தி, ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் வைத்து, அசுவினியைக் குத்திக் குடிக்கவிட்டார்கள். குடித்த அசுவினியை நல்ல செடியில் விட்டால் நோய் வரவில்லை. வைரஸ் நல்ல நிலையில்தான் இருந்தது, அதையே எடுத்துக் கையால் இலையில் தேய்த்தால் நோய் வந்தது. அப்புறம் அசுவினிக்கு முதலில் நோயுள்ள செடியின் சாற்றிலிருந்து வைரஸை நீக்கிய பகுதியைக் கொடுத்து, பிறகு சுத்தமான வைரஸைக் கொடுத்தார்கள். இப்போது நோய் பரவியது. வரிசையை மாற்றி, வைரஸை முதலிலும் சாற்றைப் பிறகும் கொடுத்தால் பரவவில்லை. 1974-ல் இதை வெளியிட்டார்கள். சாற்றில் இருந்த அந்தத் துணைப் பொருளும் வைரஸ் தன் மரபணுவை வைத்துச் செடிக்குள் செய்துகொள்ளும் ஒரு புரதம்தான் என்பது பின்னால் தெளிவானது. எச்.சி-ப்ரோ என்று பெயர், துணைப் புரதம் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு பகுதி ஊசியின் உட்சுவரைப் பிடிக்கிறது, இன்னொரு பகுதி வைரஸின் மேலுறையைப் பிடிக்கிறது. அது முதலில் போய் ஊசியில் உட்கார்ந்திருந்தால்தான் பின்னால் வரும் வைரஸுக்குப் பிடிப்பு கிடைக்கும், அதனால்தான் வரிசை மாறினால் வேலை நடக்கவில்லை.

ஆக, பரவுவதற்கு இரண்டு பிடிப்பும் சரியாக இருக்க வேண்டும். எந்த ஒன்று கெட்டாலும் அசுவினி உறிஞ்சினாலும் கொண்டுபோக முடியாது. கெடுவதற்குப் பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. மேலுறைப் புரதத்தின் முனைப் பக்கத்தில் அஸ்பார்டிக் அமிலம், அலனின், கிளைசின் என்று மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் ஓர் இடம் உண்டு, துணைப் புரதத்துக்கு அதுதான் பிடிமானம். பூசணி இனமான சுக்கினியில் வரும், இதே குடும்பத்தைச் சேர்ந்த சுக்கினி மஞ்சள் தேமல் வைரஸில் நடுவில் உள்ள அலனின் மட்டும் திரியோனினாக மாறிய ஒரு ஸ்ட்ரெயினை அசுவினி பரப்புவதில்லை. செடிக்குள் அது நன்றாகப் பெருகுகிறது, இலை மஞ்சளாகிறது, ஆனால் அந்தச் செடியைவிட்டு வெளியே போக வழி இல்லை. உருளைக்கிழங்கு ஒய் வைரஸில் சி என்று அழைக்கப்படும் ஸ்ட்ரெயினில் கோளாறு மறுபக்கம், மேலுறை சரியாக இருக்கிறது, துணைப் புரதம் ஊசியைப் பிடிப்பதில்லை.

இவை ஏன் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் தென்படுகின்றன? வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது எழுத்துப்பிழை வந்துகொண்டே இருக்கும், தோட்டத்திலும் வரும். தோட்டத்தில் அப்படிப் பிடிப்பை இழந்தது அந்த மரத்தோடு முடிந்துபோகும், அடுத்த மரத்துக்கு வராததால் நமக்குத் தெரியவும் வராது. ஆய்வுக்கூடத்தில் அசுவினிக்கு வேலை இல்லை. இலையில் நுண்ணிய கீறல் போடும் கார்போரண்டம் தூளைத் தூவி, சாற்றைக் கையால் தேய்த்து, செடிக்குச் செடி நாமே கொண்டுபோகிறோம். பிடிப்பு கெட்ட வைரஸும் பிழைத்துக்கொள்கிறது, சில நேரம் அதுவே மிஞ்சி நிற்கிறது. பதியன் போட்டும் தண்டு வெட்டியும் பெருக்கும் செடிகளிலும் இதே கதைதான். அழகுக்காக வளர்க்கும் அபூட்டிலான் என்ற துத்தி இனச் செடி ஒன்று, பச்சை இலையில் மஞ்சள் திட்டுகளோடு, 1868-ல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. அந்த மஞ்சள் ஒரு வைரஸால் வருவது, நம் வெண்டை நரம்புத் தேமலுக்கு உறவுக்கார வைரஸ். அழகாக இருக்கிறது என்று தண்டு வெட்டி வெட்டியே உலகம் முழுக்கப் பரப்பினார்கள், வெள்ளை ஈயின் தயவு அதற்குத் தேவைப்படவே இல்லை. இன்று வெள்ளை ஈ அந்த வைரஸைக் குடித்தாலும் அது குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வருவதில்லை. மேலுறையில் மூன்று அமினோ அமிலங்களை மாற்றிக் கொடுத்தால் மறுபடி பரவுகிறது என்று 2001-ல் காட்டினார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் அது ஒன்று.

இனி, அந்தப் பரவாத ஸ்ட்ரெயினை நாற்றில் ஏற்றலாமா? கூடாது. நீங்கள் நினைத்த திசை தவறில்லை. ஒரு செடியில் ஒரு வைரஸ் ஏற்கெனவே இருந்தால், அதற்கு மிக நெருங்கிய இன்னொன்று உள்ளே வந்து பெருகுவது கடினம். இது பழைய, உறுதியான உண்மை. ஆனால் பரவாதது வேறு, சாதுவானது வேறு. அசுவினியால் பரவாத ஒரு ஸ்ட்ரெயின் நீங்கள் ஏற்றிய மரத்தை மற்றதைப் போலவே கெடுக்கலாம். பரப்பும் பிடிப்புகள் ஓர் இடத்தில், செடியை நோகடிக்கும் குணம் வேறு இடத்தில். உங்களுக்கு வேண்டியது சாதுவான ஸ்ட்ரெயின். அது பரவாததாகவும் இருந்தால் இன்னும் நல்லது, பக்கத்துத் தோட்டத்துக்குப் போகாது. சுக்கினி வைரஸில் இந்த இரண்டு குணமும் சேர்ந்த டபிள்யூ.கே. என்ற ஸ்ட்ரெயின் பிரான்சில் கிடைத்தது, அதை உண்மையிலேயே வயலில் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பப்பாளியிலும் முயன்றிருக்கிறார்கள். 1980-களில் ஷி-தோங் யே, டென்னிஸ் கொன்சால்வஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், மரபணுவில் மாற்றம் வரவைக்க ஹவாய் வைரஸை நைட்ரஸ் அமிலத்தில் பதப்படுத்தி, பிழைத்தவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்து, எச்.ஏ. 5-1 என்ற மென்மையான ஸ்ட்ரெயினை எடுத்தார்கள். ஹவாயிலும் தைவானிலும் நாற்றுகளுக்கு ஏற்றி நட்டார்கள். ஹவாயில் நன்றாகவே தாங்கியது, இருந்தாலும் சில ரகங்களின் பழத்தில் அந்த மென்மையான ஸ்ட்ரெயினே வளையங்களை உண்டாக்கியது. தைவானில் சுற்றிலும் நோய் கடுமையாக இருந்த இடங்களில் பாதுகாப்பு உடைந்துபோனது, காரணம் உள்ளூர் வைரஸ் ஹவாய் வைரஸிலிருந்து சற்று விலகியது. நெருங்கிய உறவுக்குத்தான் இந்தத் தடுப்பு வேலை செய்யும். ஆகவே அங்கே எடுத்ததை இங்கே கொண்டுவந்து பயன் இல்லை. 1992-ல் ஹவாயின் பூனா பகுதியில் நோய் நுழைந்து பப்பாளித் தோட்டங்களை அழித்தபிறகு, வைரஸின் மேலுறை மரபணுவையே பப்பாளிக்குள் வைத்து உருவாக்கிய ரெயின்போ ரகம்தான் 1998-லிருந்து அவர்களைக் காப்பாற்றியது. அப்படிப்பட்ட பப்பாளியைப் பயிரிட நம் நாட்டில் அனுமதி இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு, இதை உங்கள் மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். பரவாத ஸ்ட்ரெயின் எப்போதும் பரவாமலே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. உருளைக்கிழங்கு சி ஸ்ட்ரெயின் தனியாக இருந்தால் அசுவினி கொண்டுபோகாது. அதே செடியில் சாதாரண ஒய் வைரஸும் இருந்தால், அதன் துணைப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு இதுவும் போய்விடும். இரவல் துணைப் புரதம் போதும். மேலுறைப் பிடிப்பு கெட்டவற்றுக்கு இந்த வசதி குறைவு, ஆனால் ஒரே செடிக்குள் இரண்டு வைரஸ் சேர்ந்திருந்தால் மரபணுத் துண்டு மாறுவதும் நடக்கும். யாராவது நோயுள்ள இலையை அரைத்து நாற்றில் தெளித்தால் எதிர்ப்பு வரும் என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அதில் வருவது நோய் மட்டும்தான்.

இப்போது உங்கள் தோட்டம். பாதிக்கு வந்துவிட்டது என்கிறீர்கள், நோய் வந்த மரத்தைக் குணப்படுத்த எதுவும் இல்லை என்பதை மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். காய் பிடித்துத் திரண்ட மரங்களை விட்டுவையுங்கள், அறுவடையை எடுங்கள். நோய் வந்து இன்னும் பூக்காத, காய் பிடிக்காத மரங்களை இன்றே எடுத்துவிடுங்கள், அவற்றால் வருமானம் வராது, நோய்தான் வரும். எடுப்பது என்றால் வேரோடு. இடுப்பளவில் வெட்டிவிட்டால் கட்டையிலிருந்து பக்கக் கிளை துளிர்க்கும், அந்தத் துளிரில் வைரஸ் அப்படியே இருக்கும், இளங்கொழுந்து என்பதால் அசுவினியும் இறங்கும். பிடுங்கியதை எரிக்கவேண்டியதில்லை, காய்ந்த மரத்திலிருந்தோ மண்ணிலிருந்தோ இது வராது. இன்னும் நோய் வராத பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு முறை நடந்து, இலையைப் பார்க்காமல் மேல் காம்புகளைப் பாருங்கள், எண்ணெய்க் கோடு தேமலைவிடத் தெளிவாகக் கண்ணில் படும். வைரஸ் ஏறி அடையாளம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், ஒன்றைப் பார்த்ததும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

அடுத்த நடவு இதைவிட முக்கியம். பழைய தோட்டம் நிற்கும்போது அதன் பக்கத்தில் புது நாற்றை நட்டால் எந்த வழியும் பலிக்காது. முதலில் பழைய மரங்களை ஒட்டுமொத்தமாக எடுத்து, இரண்டு மாதமாவது பப்பாளி இல்லாமல் நிலத்தை விடுங்கள், அல்லது வேறு பயிர் போடுங்கள். பூசணி, சுரை, வெள்ளரி, தர்பூசணி வேண்டாம், அவற்றிலும் இந்த வைரஸ் தங்கும். ஊடுபயிராகவோ வேலியிலோ கூடக் கூடாது. விதை வழியாக இந்த நோய் வராது, ஆகவே நாற்றை நெருக்கமான பூச்சி வலைக்குள் வளர்த்தால் சுத்தமான கன்று உங்கள் கையில் இருக்கும். திறந்த வெளியில் வளர்த்த நாற்றை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

நடுவதற்கு ஒரு மாதம் முன்பே தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் நெருக்கமாக விதையுங்கள். இரண்டு மூன்று முறை குத்தினால் ஊசி சுத்தமாகிவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா? காற்றில் தாழ்வாக வரும் அசுவினி முதலில் சோளத்தில் இறங்கிக் குத்தும், சோளத்துக்கு இந்த வைரஸ் ஒன்றும் செய்யாது, ஊசியில் இருந்தது அங்கேயே போய்விடும். அப்புறம் அது பப்பாளிக்கு வந்தாலும் கொண்டுவர எதுவும் இருக்காது. வெளியிலிருந்து வருவதற்குத்தான் இது உதவும், தோட்டத்துக்குள்ளேயே நோயுள்ள மரம் நின்றால் சோளம் என்ன செய்யும்? சோளம் முற்றிக் காய்ந்ததும் விட்டுவிடாமல் அடுத்த வரிசையை முன்கூட்டியே விதைத்துவிடுங்கள். கன்று சின்னதாக இருக்கும்வரை வெள்ளி நிற மூடாக்குத் தாள் நல்லது, அதன் பிரதிபலிப்பில் அசுவினி இறங்கத் தயங்கும், மரம் விரிந்து நிழல் விழுந்ததும் அதற்கு வேலை இல்லை. மினரல் ஆயில் தெளித்தால் வைரஸ் ஊசியில் ஒட்டுவது குறையும், விதை உருளைக்கிழங்கில் அதைப் பல நாடுகளில் செய்கிறார்கள். ஆனால் பப்பாளி இலை எண்ணெய்க்குச் சீக்கிரம் கருகும், ஆகவே அதை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

வைரஸைத் தாங்கும் ரகம் என்று விற்பதை வாங்கலாம், ஆனால் தாங்கும் என்றால் நோய் வந்தாலும் கொஞ்சம் காய் கொடுக்கும் என்றுதான் பொருள், வராது என்று இல்லை. அந்த மரத்திலிருந்தும் அசுவினி வைரஸை எடுத்துப்போகும். வரப்போரத்தில்தான் முதலில் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரப்புக்கு அடுத்த பக்கம் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கைவிட்ட பப்பாளி மரம் ஒன்றிரண்டு இருந்தால், உங்கள் செலவிலேயே ஆள் வைத்து எடுத்துக் கொடுப்பதற்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசுங்கள். நீங்கள் இதுவரை மருந்துக்குச் செலவழித்ததைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

பழத்தைப் பயமில்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். இந்த வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது. இனிப்பு மட்டும் குறைவாக இருக்கும். கடைசியாக எந்தத் தேதியில் என்ன மருந்து அடித்தீர்கள் என்று பார்த்து, டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடிந்தபின் பறியுங்கள்.